புதிய மீன் தொட்டி: நான்காவது வாரத்தில் கை பொறுக்க வேண்டும்

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் செழிக்கும் ஊர் சின்னமனூர். லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரையிலான 14,707 ஏக்கர் இருபோக நிலத்தைச் சேர்ந்தது இந்த வட்டாரம். நெல்லும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் இங்கு நெடுநாளைய பயிர்கள். பாண்டியர் செப்பேடுகள் கிடைத்த ஊர் என்பதால், கயல் பொறித்த அரசர்களின் காலந்தொட்டே மீனோடு உறவுள்ள ஊர் என்று வேடிக்கையாகச் சொல்வதும் உண்டு. தோட்ட வீடுகளிலும் ஊருக்குள்ளும் கண்ணாடித் தொட்டியில் வண்ணமீன் வளர்ப்பவர்கள், வீட்டுக் கொல்லையில் சிமெண்டுத் தொட்டி கட்டிக் கப்பி, மோலி, பிளாட்டி போன்ற குட்டி போடும் மீன்களைப் பெருக்கி உபவருமானம் பார்க்க நினைப்பவர்கள் ஆகிய இருவருக்கும் பயன்படக்கூடிய விஷயம் ஒன்று இங்கே விளக்கப்படுகிறது.

புதிதாகத் தொட்டி வைப்பவர்களுக்கு ஏற்படும் நஷ்டம் பெரும்பாலும் ஒரே மாதிரியானது. தொட்டி வாங்கி, மணல் பரப்பி, தண்ணீர் நிரப்பி, மறுநாளே பத்துப் பதினைந்து மீன்களை விடுகிறார்கள். முதல் வாரம் எல்லாம் சரியாக இருக்கும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் மீன்கள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடும். பிறகு ஒவ்வொன்றாக மிதக்கும். தண்ணீரோ கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். கடைக்காரர் நோய் பிடித்த மீனைக் கொடுத்துவிட்டார் என்று ஒருவர் சொல்வார். கண் பட்டுவிட்டது என்று இன்னொருவர் சொல்வார். தொட்டியைக் கொட்டிக் கவிழ்த்து, சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். மறுபடியும் அதே கதைதான் நடக்கும். இப்படி இரண்டு முறை பணத்தைத் தொலைத்தவர் மூன்றாம் முறை தொட்டியைப் பரணில் ஏற்றிவிடுவார்.

வாழைக்குத் தெரிந்த சங்கதி

இங்கு நடப்பது என்ன என்பதை மற்றவர்களைவிட விவசாயி எளிதில் புரிந்துகொள்வார். வாழைக்கு யூரியா இட்டால் அது நேராக வேருக்குள் போய்விடுவதில்லை. மண்ணில் முதலில் அம்மோனியாவாக மாறுகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. வாழை பெரும்பாலும் இந்த நைட்ரேட்டைத்தான் எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் தேங்கி நிற்கும் நெல் வயலில் இந்த மாற்றம் மந்தமாக நடக்கும். காற்றோட்டமுள்ள வாழைத் தோட்டத்தில் சுறுசுறுப்பாக நடக்கும். இந்த நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு கட்டாயம் தேவை என்பதே அதற்குக் காரணம். மீன் தொட்டிக்குள்ளும் இந்தக் கணக்கில் மாற்றமில்லை.

மீன் தன் உடலின் தழைச்சத்துக் கழிவைப் பெரும்பாலும் செவுள் வழியாக அம்மோனியாவாகவே வெளியேற்றுகிறது. ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும். ஐம்பது லிட்டர் தொட்டியில் எங்கே போகும்? அதை மாற்றித் தரும் பாக்டீரியா புதிய தொட்டியில் இல்லை. மணல் மேலும், கண்ணாடி மேலும், முக்கியமாக வடிகட்டியின் பஞ்சிலும் அவை ஒட்டிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகின்றன. இவை மெதுவாகப் பெருகும் இனம். தயிருக்கு உறை குத்தினாற்போல ஒரே இரவில் காரியம் முடிந்துவிடாது.

இதன் வரலாற்றில் சுவையான ஒரு செய்தி உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞர் 1850-ல் தங்கமீன், நீர்த்தாவரம், நத்தை மூன்றையும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் நெடுநாள் வாழவைத்துக் காட்டினார். வீட்டு மீன் தொட்டியின் முன்னோடிகளில் ஒருவராக அவரைச் சொல்வார்கள். அதே பெயருடைய அவர் மகன், ரோதம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் மண்ணை ஆராய்ந்து, அம்மோனியா நைட்ரேட்டாவது இரண்டு படிகளில், இரண்டு வகை உயிர்களால் நடக்கிறது என்று கண்டார். அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டியவர் ருஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி. அது 1890-ஆம் ஆண்டையொட்டி. தகப்பனார் தொட்டியில் வளர்த்த மீன் பிழைத்ததன் இரகசியத்தில் ஒரு பாதியை மகன் வயல் மண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்தார் எனலாம். இரண்டு படிகளையும் தானே முடிக்கும் பாக்டீரியாவும் உண்டு என்பது 2015-ல்தான் தெரியவந்தது. அந்த ஆண்டு வெளியான ஆய்வுகளில் ஒன்றுக்கு மீன் வளர்ப்புத் தொட்டியோடு இணைந்த வடிகட்டியே ஆதாரமாக இருந்தது.

கடைசிக் கட்டம்தான் ஆபத்து

தொட்டி 'பழகும்' இந்தக் காலத்தில் முதலில் அம்மோனியா ஏறும். பத்து, பதினைந்து நாளில் அது இறங்கத் தொடங்கும். அம்மோனியா இறங்கிவிட்டது என்று நிம்மதி அடையும் வேளையில் நைட்ரைட் ஏறத் தொடங்குகிறது. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா முந்திக்கொள்ளும். நைட்ரைட்டைத் தின்னும் பாக்டீரியா பிந்தித்தான் வரும். மூன்றாவது, நான்காவது வாரம் இந்த இடைவெளியில் விழுகிறது. சரியாக அந்தச் சமயத்தில்தான் பலரும் தொட்டி தயாராகிவிட்டது என்று புது மீன்களை வாங்கி வந்து விடுகிறார்கள்.

நைட்ரைட் மீனின் இரத்தத்தில் கலந்து, அது பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்துவிடுகிறது. செவுள் செந்நிறம் மாறிப் பழுப்பாகத் தோன்றும். தண்ணீரில் காற்றுக் குமிழி தாராளமாக வந்தாலும் மீன் மூச்சுக்குத் திணறும். இதற்குக் கை வைத்தியமாக உள்ள பொருள் சமையலறையிலேயே இருக்கிறது. லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் கல் உப்பைத் தனியே கரைத்து, சில மணி நேர இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக ஊற்றினால், உப்பிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட் நுழைவதற்குத் தடையாக நிற்கும். கப்பி, மோலி, தங்கமீன் ஆகியவை இந்த அளவு உப்பை எளிதில் தாங்கும். செதில் இல்லாத கெளுத்தி இனங்களும் மென்மையான நீர்ச்செடிகளும் உள்ள தொட்டியில் பாதி அளவோடு நிறுத்திக்கொள்வது நலம். உப்பு நைட்ரைட்டை அழிப்பதில்லை. மீனுக்கு அவகாசம் தருகிறது, அவ்வளவே. தண்ணீர் மாற்றுவதை அதற்காக விட்டுவிடக் கூடாது.

பரிசோதனைத் திரவம் உள்ள பெட்டி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். மீன் வாங்கும் செலவில் கொஞ்சத்தைக் குறைத்தாவது இதை வாங்க வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் பார்த்து ஒரு நோட்டில் குறித்து வரலாம். இரண்டில் எது லிட்டருக்கு அரை மில்லிகிராமைத் தாண்டினாலும் அன்றே மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றிவிட வேண்டும். அடிக்கடி தண்ணீர் மாற்றினால் பாக்டீரியா போய்விடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. அவை தண்ணீரில் மிதப்பதைவிடப் பஞ்சிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவையே அதிகம் என்பதால் அந்த அச்சம் தேவையில்லை.

இரையின் கணக்கு

இந்த வாரங்களில் மீனைக் கொல்வது பெரும்பாலும் இரக்கம்தான். வீட்டில் குழந்தைகள் ஆளுக்கொரு சிட்டிகை போட்டுவிடுவார்கள். நூற்றுக்கு நாற்பது பங்கு புரதமுள்ள இரை ஒரு கிராமில் ஏறத்தாழ 64 மில்லிகிராம் தழைச்சத்து இருக்கிறது. அதில் பாதி மட்டும் தண்ணீரில் கலந்தாலும் ஐம்பது லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 0.6 மில்லிகிராமுக்கு மேல் ஏறிவிடும். அதுவும் ஒரே நாளில். மீன் தின்னாமல் அடியில் தங்கி அழுகினாலோ கணக்கு இரட்டிப்பாகும். ஆகவே நாளுக்கு ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். நைட்ரைட் ஏறிய நாள்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தாலும் வளர்ந்த மீன் பட்டினியால் சாகாது. மிஞ்சிய இரையை அரை மணிக்குள் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

மீனே இல்லாமல் தொட்டியைப் பழக்கும் முறையும் இருக்கிறது. மீனுக்குத் துன்பமில்லாத முறை இதுவே. நவச்சாரம் என்று நாம் சொல்வது அம்மோனியம் குளோரைடுதான். இரசாயனப் பொருள் கடையில் கிடைக்கும் சுத்தமான சரக்கில் 6 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் 100 மில்லியை 100 லிட்டர் தொட்டிக்கு ஊற்றினால் அம்மோனியா ஏறக்குறைய 2 மில்லிகிராம் அளவுக்கு வரும். அது இறங்கியதும் மறுபடி ஊற்ற வேண்டும். கையில் இருக்கிறதே என்று யூரியாவையோ காம்ப்ளெக்ஸ் உரத்தையோ போட்டுவிடக் கூடாது. யூரியா உடைந்து அம்மோனியாவாவது எப்போது, எவ்வளவு என்று தொட்டியில் கணிக்க முடியாது. காம்ப்ளெக்சில் உள்ள மணிச்சத்து பாசியைத்தான் வளர்க்கும்.

நெடுநாளாக நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு துண்டு பழைய வடிகட்டிப் பஞ்சு வாங்கிப் போட்டால் ஆறு வாரம் என்பது இரண்டு வாரமாகக்கூடக் குறையலாம். அந்தத் தொட்டியில் நோய் இல்லை என்பது நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும். பஞ்சைக் காயவிடாமல் அவர் தொட்டித் தண்ணீரிலேயே நனைத்து எடுத்து வருவது முக்கியம்.

எந்தத் தண்ணீர்?

நகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். மீனின் செவுளையும் பாக்டீரியாவையும் அது ஒருசேரத் தாக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஒருநாள் முழுவதும் திறந்து வைத்தால் பெரும்பகுதி போய்விடும். அவசரமானால் 100 லிட்டருக்கு ஒரு கிராம் சோடியம் தையோசல்பேட் போடலாம். முன்பு போட்டோ ஸ்டூடியோக்களில் ஹைப்போ என்று வழங்கியது இதுதான். ஆழ்துளைக் கிணற்று நீர் பொதுவாகக் கடினமானது. சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. மலையிலிருந்து வரும் ஆற்று நீர் மென்மையானது. இரண்டுக்கும் தனித்தனிக் குணம் உண்டு. அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது தண்ணீரின் காரத்தன்மை செலவாகிக்கொண்டே இருக்கும். மென்மையான நீரில் அது விரைவில் தீர்ந்து, பி.எச். ஆறுக்கு அருகே இறங்கிவிட்டால் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். 'ஆறு வாரமாகியும் நைட்ரைட் இறங்கவில்லை' என்ற புகாருக்கு இது ஒரு காரணம். வடிகட்டிக்குள் ஒரு கைப்பிடி கிளிஞ்சலைச் சுத்தம் செய்து துணியில் கட்டிப் போட்டால் குணம் தெரியும்.

கடின நீரில் ஆபத்து மறுபுறத்தில் இருக்கிறது. அம்மோனியாவில் மீனைக் கொல்லும் பங்கு பி.எச். ஏறுவதற்கேற்ப ஏறும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 உள்ள நீரில் அது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 8 ஆனால் நூற்றில் ஐந்து பங்கு. 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வெப்பம் கூடினால் இன்னும் கூடும். சித்திரை, வைகாசியில் கிணற்று நீரில் தொட்டி ஆரம்பிப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதிய சிமெண்டுத் தொட்டியில் நிலைமை இன்னும் கடுமையானது. சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பி.எச். பத்தையும் தாண்டும். அதில் விட்ட மீன் அன்றைக்கே சாகும், பாக்டீரியாவும் தலைகாட்டாது. தண்ணீர் நிரப்பி நான்கைந்து நாள் ஊறவிட்டு இறைத்து, மறுபடி நிரப்பி என இரண்டு மூன்று வாரம் செய்ய வேண்டும். குலை வெட்டிய வாழையின் தண்டைத் துண்டு போட்டுத் தொட்டியில் ஊறவைத்து, அழுகியதும் இறைத்துக் கழுவும் வழக்கம் ஒன்று உண்டு. சின்னமனூரில் வாழைத்தண்டுக்கா பஞ்சம்? ஆனால் அந்த அழுகல் நீரை முழுவதும் வெளியேற்றி, பி.எச். எட்டரைக்குள் வந்த பிறகுதான் பாக்டீரியாவைப் பழக்கும் வேலையைத் தொடங்க வேண்டும்.

வாய்க்காலிலிருந்து வேலம்பாசி பறித்து வந்து தொட்டியில் வைப்பவர்களும் உண்டு. செடி அம்மோனியாவை நேரடியாக உறிஞ்சும் என்பதால் நல்லதே. என்றாலும் அந்த வாய்க்காலில் வயல் மருந்து கலந்திருக்கலாம். தும்பியின் இளம்புழுக்கள் தொற்றிக்கொண்டு வந்து குட்டி மீன்களைப் பிடித்துத் தின்னலாம். தனி வாளியில் ஒரு வாரம் நல்ல தண்ணீரில் போட்டு, அலசி, பிறகு வைக்கலாம். மருந்து தெளிக்கப் பயன்பட்ட வாளி, குவளை எதையும் தொட்டிப் பக்கம் கொண்டுவரவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் சரி.

சுத்தம் செய்வதில் நிதானம்

தொட்டி பழகி முடியும் தறுவாயில் கண்ணாடியில் பழுப்புப் பாசி படரும். சில நாள் தண்ணீர் பால் கலந்தாற்போலக் கலங்கும். இரண்டும் தாமே அடங்கக்கூடியவை. இதைக் கண்டு பயந்து தொட்டியை முழுவதுமாகக் கழுவுவதுதான் செய்யக்கூடாத காரியம். நாலு வார உழைப்பு அரை மணி நேரத்தில் சாக்கடைக்குப் போய்விடும். பார்க்கும் கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும். வடிகட்டியில் நீரோட்டம் குறைந்தால் பஞ்சை எடுத்து, தொட்டியிலிருந்து இறைத்த தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்து திரும்ப வைக்க வேண்டும். குழாயடியில் பிழிவதும், பழையது கறுத்துவிட்டது என்று புதுப் பஞ்சு மாற்றுவதும் கூடாது. அந்தக் கறுப்பில்தான் பாக்டீரியா குடியிருக்கிறது. மீன் சோர்ந்திருந்தால் உடனே மருந்து ஊற்றும் பழக்கமும் வேண்டாம். மெத்திலின் நீலமும் சில ஆண்டிபயாடிக் மருந்துகளும் இந்தப் பாக்டீரியாவையே கொன்றுவிடும். மருந்து கட்டாயம் என்றால் நோயுற்ற மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றிச் சிகிச்சை செய்யலாம்.

மின்வெட்டு நேரத்தில் பஞ்சு வடிகட்டி அதிகம் கெடாது. மூடிய டப்பா வடிகட்டியில் சில மணி நேரத்திலேயே பிராணவாயு தீர்ந்து பாக்டீரியா மடியும். நெடுநேரம் நின்றுபோன டப்பா வடிகட்டியை அப்படியே ஓடவிட்டால் உள்ளே கெட்ட நீர் தொட்டியில் பாயும். திறந்து, தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓடவிட வேண்டும். மின்சாரம் வரும்வரை ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால் மீன் தாக்குப்பிடிக்கும். இரவில் சத்தம் தொந்தரவு என்று வடிகட்டியை நிறுத்துபவர்கள் மீன் வளர்க்காமல் இருப்பதே மேல்.

எப்போது முடிந்தது எனலாம்?

வழக்கமான இரை கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வாரம் தொடர்ந்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருந்து, நைட்ரேட் மட்டும் ஏறி வருமானால் தொட்டி பழகிவிட்டது. நவச்சார முறையில், மேலே சொன்ன அளவு ஊற்றிய 24 மணி நேரத்தில் இரண்டும் பூஜ்யத்துக்கு வர வேண்டும். அதன் பிறகு பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி, சேர்ந்துள்ள நைட்ரேட்டைக் குறைத்துவிட்டு மீன் விடலாம்.

பழகிய தொட்டி என்பது அன்று அதிலிருக்கும் மீனுக்குப் பழகிய தொட்டி, அவ்வளவுதான். ஐந்து கப்பி இருந்த இடத்தில் ஒரே நாளில் பதினைந்து விட்டால் பாக்டீரியா திணறி, நைட்ரைட் மறுபடி தோன்றும். மூன்று நான்காக விட்டு, பத்து நாள் இடைவெளி கொடுத்து, சோதித்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். வண்ணமீன் வியாபாரத்துக்குப் பேர்பெற்ற சென்னை கொளத்தூர் போன்ற தூரத்து ஊர்களிலிருந்து வரும் மீன்கள் இரவெல்லாம் பையில் அடைந்து வந்தவை. பைக்குள் அம்மோனியா சேர்ந்திருக்கும். கட்டை அவிழ்த்ததும் கரியமிலவாயு வெளியேறி, பி.எச். ஏறி, அம்மோனியாவின் விஷம் கூடும். எனவே பையைக் கட்டோடு இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, திறந்த பிறகு தாமதிக்காமல் சிறு வலையால் மீனை மட்டும் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீர் தொட்டியில் சேரக் கூடாது.

பிறகு வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்றி, நைட்ரேட்டை 40 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொண்டால் போதும். வெளியேற்றும் தண்ணீர் உரம் என்று சிலர் பெரிதாகப் பேசுவார்கள். 40 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள 25 லிட்டரில் இருக்கும் தழைச்சத்து கால் கிராம்கூட இல்லை. யூரியாவுக்கு அது ஈடாகாது. கறிவேப்பிலைக்கும் வாழைக் கன்றுக்கும் ஊற்றினால் தண்ணீராவது வீணாகாது. உப்புப் போட்ட நாள்களின் தண்ணீரைச் செடிகளுக்கு, குறிப்பாக வெற்றிலைக் கொடிக்கு, ஊற்ற வேண்டாம்.

தொட்டி சலித்துப் போனவர்கள் மீன்களை வாய்க்காலில் விட்டுவிடுவது புண்ணியமன்று. தொட்டி துடைக்கும் மீன் என்று கடையில் விற்கும் சக்கர் மீன் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. இப்படி விடப்பட்டுத் தமிழ்நாட்டு ஏரிகளிலும் கேரளத்து நீர்நிலைகளிலும் பெருகி, வலையைக் கிழித்து, நாட்டு மீனின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வேண்டாத மீனைக் கடையிலோ வேறு வளர்ப்பவரிடமோ ஒப்படைக்கலாம்.

தொழிலாகச் செய்ய எண்ணுபவர்கள் ஒரு கண்ணாடித் தொட்டியை ஆறு வாரம் பழக்கிப் பார்த்துவிட்டு, பிறகு சிமெண்டுத் தொட்டிக்குக் கொத்தனாரைக் கூப்பிடுவது நலம். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் புறக்கடை வண்ணமீன் வளர்ப்புக்கு 3 லட்சம் ரூபாய் செலவு கணக்கிடப்பட்டு, பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் வகுக்கப்பட்டது. இப்போது என்ன மானியம் உண்டு என்பதைக் கைப்பணம் செலவிடும் முன்பே வைகை அணையிலுள்ள மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம். கிணற்று நீரின் பி.எச்., காரத்தன்மை, உப்பு ஆகியவற்றைச் சோதிப்பது பற்றிக் காமாட்சிபுரம் சென்டெக்ட் வேளாண் அறிவியல் மையத்தில் கேட்டறியலாம். சோதனைக்குத் தண்ணீர் எடுக்கும்போது மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு வரும் நீரால் பாட்டிலை இரண்டு முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும்.